வேலியருக்கு ஒரு பங்கு

அண்ணா,

உன் முதுகுப்பை குசினி நிலத்தில் கிடக்கிறது. வாய்க்கயிற்றை இளக்கியதும் அந்த மணம் எழும்பி மூக்கில் ஏறியது. காய்ந்த இரத்தம், ஈரக் கம்பளி, அவற்றுக்கு அடியில் மிளகாய்த்தூள். முதல்முறை மலைக்குப் போனபோது பக்கப் பைக்குள் நீ வைத்த தூள் பைக்கற் உடைந்து கொட்டியதே, அது இன்னும் தையல்களுக்குள் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முகத்தைச் சுளித்து, "உதைக் கழுவினால் என்ன?" என்று கேட்கிறார்கள். கழுவ மாட்டேன்.

மேசையில் பொலித்தீன் விரித்து இறைச்சியைப் பங்கு போட்டிருக்கிறேன். நானே மலையில் சுட்ட மறி, பெட்டை ஆடு. ஊரில் நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாய் அடித்தால் எப்படிப் பிரிப்பார்களோ அப்படித்தான். ஒவ்வொரு குவியலிலும் சதை, எலும்பு, கொழுப்பு, ஈரலில் ஒரு துண்டு. அட்லிஸ்வில் சித்தி வீட்டுக்கு ஒன்று, கீழ்வீட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எடுத்து வைத்தாயிற்று. ஒரு குவியல் மட்டும் தள்ளி இருக்கிறது. அதை இன்று நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். யாருக்கென்று நீ ஊகித்திருப்பாய். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காமல் முழுவதையும் கேள்.

கேபிள் காரில் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், தூணின் உச்சியில் சக்கரத்துக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்த நீ அங்கிருந்தே எனக்குப் போன் எடுத்தாய். "பிள்ளை, ஆடடி! சுவர் மாதிரி நிக்கிற பாறையில ஆடு நிண்டு மேயுது!" இங்கே அதைக் கெம்ஸ் என்பார்கள். கொம்பு நுனி கொக்கிபோலப் பின்னால் வளைந்த மலையாடு. நீ கடைசிவரைக்கும் ஆடு என்றுதான் சொன்னாய். இந்தக் கன்டோனில், இந்த மாநிலத்தில், வேட்டை நிலம் எவருடைய சொத்துமில்லை, பரீட்சையில் தேறி அனுமதி எடுத்தால் மலை எல்லோருக்கும் பொது என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து உனக்கு நித்திரை போனது.

திரிம்பாக் கோயில் மண்டபத்தில் அன்னதானப் பந்தியில் வைத்தே உன்னைக் கேட்டார்கள். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீர், இப்ப நீரே துவக்குத் தூக்கப் போறீரோ?" நீ சாம்பாரை அள்ளிக்கொண்டே சொன்னாய்: "அப்ப அது எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது. ஒருக்கா மற்றப் பக்கம் நிண்டு பாப்பமெண்டுதான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நீ பகிடிக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ அனுமதி எடுத்தபின், அவனை, அந்த ஊர் வேட்டைக்காரனை, நாங்கள் முதலில் கண்டது அந்தப் பள்ளத்துக்கு ஏறும் பாதையில். மூன்று பக்கமும் பாறைச் சுவர், நடுவில் கல்லும் புல்லுமாய்க் கிடக்கும் அந்தப் பள்ளத்தில் அவனுடைய அப்பாவும் தாத்தாவும் வேட்டையாடினார்களாம். அதனால் அது அவனுடையதாம். கைத்தடியைப் பாதைக்குக் குறுக்கே ஊன்றிக்கொண்டு, "இங்கே நாங்கள் போவோம்" என்றான். நீ பணிவாகத் தலையை ஆட்டிவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தாய். கொஞ்சத் தூரம் போனதும், "உவர் யாழ்ப்பாணத்தில பிறந்திருக்க வேண்டிய ஆள். எல்லை வேலி ஒரு அடி நகர்ந்தால் கோட்டுக்குப் போற ஆள்" என்றாய். அன்றிலிருந்து அவனுக்கு வேலியர் என்று பெயர். உனக்கு வேலியர். எனக்கு அவன்.

அந்த வெள்ளிக்கிழமையை நான் எத்தனையோ தரம் திரும்ப நடந்து பார்த்துவிட்டேன். முதல்நாளே ஏறி, பாறை மடிப்பில் தறப்பாள் கட்டிப் படுத்து எழும்பியிருந்தோம். தலைக்குச் சற்று மேலே பாறை விளிம்பில் ஒரு மறி தனியாக நின்றது. பால் கொடுக்கிற தாயைச் சுடக்கூடாது என்பது இங்கே சட்டம். சட்டத்துக்கு முந்தியே உனக்கு அது இருந்தது. சுட வசதியாக நின்றபோதெல்லாம் நீ சுடவில்லை. வயிறு கல்லில் அழுந்தக் கிடந்து, தொலைநோக்கியை எனக்கும் தந்து, "குட்டி வருதோ பார்... வடிவாப் பார்" என்று பொழுது சாயும்வரை பார்க்கவைத்தாய். மறி மேய்ந்தது, படுத்தது, எழும்பியது, திரும்ப மேய்ந்தது. குட்டி வரவில்லை. எந்தக் குட்டியும் அதைத் தேடவில்லை. பிறகுதான் சுட்டாய்.

விழுந்த இடத்துக்கு ஏறிப்போய், ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து அதன் வாயில் வைத்தாய். சுட்ட விலங்குக்குக் கடைசிக் கவளம் கொடுப்பது இங்குள்ள வேட்டைக்காரரின் வழக்கம். "பாத்தியே, இவையளும் வாய்க்கரிசி போடுகினம்" என்று சொல்லிவிட்டு நீ தொப்பியைக் கழற்றினாய். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, விடிந்தால் புரட்டாதிச் சனி. இரண்டு நாளும் எங்களுக்கு மச்சம், இறைச்சி ஆகாது. "உலகத்திலேயே ஆட்டைச் சுட்டுப்போட்டு மணந்து பாத்துக்கொண்டு இருக்கிற வேட்டைக்காரர் நாங்கள்தான்" என்றேன். நீ சிரித்த சிரிப்பு எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது.

மேலே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. முழு ஆட்டையும் ஒருவர் முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவில் இறங்க முடியாது, இரண்டாய்ப் பிரித்தால் போதும் என்றாய். ஆனால் கத்தி கைக்கு வந்ததும் உனக்கு ஊர் வந்துவிட்டது. தட்டைக் கல்லைத் துடைத்து, தோலை உரித்து, பங்கு போடவே தொடங்கிவிட்டாய். சித்திக்கு, எனக்கு, உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு என்று குவியல்கள் எழும்பின. கடைசியில் தள்ளி இன்னொரு குவியல் வைத்தாய்.

"அது ஆருக்கு?"

"வேலியருக்கு."

"உனக்கு விசரோ?"

"பக்கத்துக் காணிக்காரரை விட்டுட்டுத் தின்னுறதோடி? இறைச்சி உள்ளுக்கை போனா வேலி தானா இறங்கும்."

அந்தக் குவியலுக்கு நல்ல ஈரல் துண்டாகப் பார்த்து வைத்தாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தோலையும் பால்மடியையும் ஒரு பக்கம் எறிந்தாய். ஊரில் மறி அடித்தால் மடி எவருடைய பங்கிலும் வராது. உன் கைக்கு அதுதான் பழக்கம். ஆனால் இங்கே சுட்ட மறியை வேட்டைக் காவலரிடம் காட்டும்போது மடி உடம்போடு இருக்க வேண்டும். அது தாய் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. பரீட்சையில் சரியாக எழுதியிருந்தாய். சந்தோசம் அதை மறக்கடித்துவிட்டது. பாதி வழி இறங்கியபோதுதான் நின்று, "ஐயோ, மடி!" என்றாய். திரும்பி ஓடி ஏறினாய். மூடுபனிக்குள் கல் எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது கொஞ்ச மயிர்தான் கிடந்தது. நரிக்கும் காகத்துக்கும் நல்ல காலம்.

காவலர் நல்ல மனுசன். இறைச்சிக் குவியல்களையும் தலையையும் பார்த்துவிட்டு, "உங்களை நம்ப எனக்கு விருப்பம்தான்" என்று தயங்கினார். அவ்விடத்தில் தன் ஆட்டைக் காட்ட வந்து நின்ற அவன், எவரும் கேட்காமலே வாயைத் திறந்தான். எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தானாம். மறியோடு குட்டி ஒன்று நின்றதாம். நீ சுட்டபின் அது கத்திக்கொண்டு ஓடியதாம்.

வேட்டை முடித்து வருகிறவனுக்குக் கை கொடுத்து "வைட்மன்ஸ்ஹைல்" என்று வாழ்த்துவது இங்குள்ள மரியாதை. பரம எதிரிக்கும் அதை மறுப்பதில்லை. அன்றைக்கு அங்கே நின்ற ஒருவரும் உனக்குக் கை தரவில்லை. நீ நீட்டிய கையை அவன் பார்த்துவிட்டுத் தன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

இறைச்சியைப் பறித்தார்கள், அனுமதியைப் பறித்தார்கள். அதெல்லாம் போகட்டும். தாயைச் சுட்டவன் என்ற பெயரைத் தந்தார்கள். கேபிள் கார்க் கன்டீனில் நீ கோப்பையோடு வந்து இருந்தால் கதை நின்றது. நம் சனம் இன்னும் திறம். "உமக்கேன் உந்த வேலை?" என்று கோயில் வாசலிலேயே கேட்டது. நான் சாட்சி சொன்னேன். கூடப் பிறந்தவள் வேறு எப்படிச் சொல்வாள் என்று விட்டுவிட்டார்கள். நீ எவரோடும் சண்டை பிடிக்கவில்லை. என்னிடம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாய். தேத்தண்ணி குடிக்கும்போது, கார் ஓடும்போது, கடைசியில் கூர் நகர ஆஸ்பத்திரியில் இருதயத்துக்கு வயர்கள் பூட்டிப் படுத்திருந்தபோதும். "நீயும் பாத்தனியெல்லோ? குட்டி இருந்ததோடி?"

"இல்லை, அண்ணா."

"வடிவாத் தெரியுமோ?"

"இல்லையெண்டு சொல்லுறன்."

என்னை நீ நம்பினாய். உன்னைத்தான் நீ நம்பாமல் போனாய். அவன் உன்னிடமிருந்து எடுத்தது அதைத்தான். அதற்காகத்தான் அவனை நான் விடவில்லை.

உன் வாயில் அரிசி போட்டபோது அந்தப் பச்சைக் கொப்புத்தான் நினைவுக்கு வந்தது. செத்தவீட்டுக்கு அவனும் வந்தான், தெரியுமா? கறுப்பு மேலங்கி, சீவிய தலை. எனக்குக் கை கொடுத்து அனுதாபம் சொன்னான். உன் கையைத் தொடாத அதே கை. வீட்டுக்கு வந்து சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அந்தத் தொட்டியடியில் நின்றுதான் நானும் வேட்டைப் பரீட்சை எழுதுவதென்று முடிவெடுத்தேன்.

முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்து விலங்குகளின் பல்லையும் குளம்பையும் ஜெர்மன் மொழியில் பாடமாக்கினேன். சுட்டுப் பழகும் அட்டையில் ஆட்டின் படம்தான் இருந்தது. எனக்குத் தெரிந்தது வேறு முகம். முதல் தடவையே தேறினேன். உன் பையைத் தூக்கிக்கொண்டு நேரே அந்தப் பள்ளத்துக்கு ஏறி, அவனுடைய தாத்தா இருந்த கல் என்று சொல்லுவானே, அதில் போய் இருந்தேன். வந்தான், பார்த்தான், தள்ளிப் போய் வேறு கல்லில் இருந்தான். மலை எல்லோருக்கும் பொது. அடுத்த செப்டெம்பர் வேட்டைக்கும் போனேன், அதற்கடுத்ததும் போனேன். ஆடுகள் எனக்கு முன்னால் நடந்து போயின. நான் தொலைநோக்கியை அவன்மேல்தான் வைத்திருந்தேன்.

அவனுக்கு வயது போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிறான். முழங்கால் மடங்குவதில்லை. எல்லாவற்றையும்விட, பொறுமை போய்விட்டது. முந்தி ஒரு ஆட்டை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு கிடந்தவன், இப்போது கண்டவுடன் சுடப் பார்க்கிறான். இவன் ஒருநாள் பிழைவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. நான் காத்திருந்தேன்.

இந்த வருடம் விட்டான்.

நல்ல வெயில் அடித்த காலை. அவனுக்குச் சற்று மேலே சரிவில் ஒரு மறி. பாறைக்குப் பின்னால் குட்டி படுத்திருந்தது என் பக்கத்திலிருந்து தெரிந்தது. கத்தியிருக்கலாம். கத்த வாயெடுப்பதற்குள் அவன் சுட்டுவிட்டான். குட்டி எழும்பி ஓடிவந்து தாயைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. இத்தனை வருடம் நான் கேட்க ஆசைப்பட்ட சத்தம் அதுதானா என்று என்மேலேயே வெறுப்பு வந்தது. பிறகு மேலே நின்ற கூட்டத்தைக் கண்டு அது ஏறிப் போய்ச் சேர்ந்துகொண்டது. புல் தின்னப் பழகிய குட்டி, பிழைத்துக்கொள்ளும். நான் எழும்பிப் பையை மாட்டினேன்.

கல்லுக்குக் கல் சத்தமில்லாமல் இறங்கிப் போனேன். அவன் மறியைப் புரட்டிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி நிலத்தில் எறிந்தான். கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். பிறகு நாலு பக்கமும் பார்த்தான். பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தான், அண்ணா. எடுத்து மடியில் வைத்தான்.

"வைட்மன்ஸ்ஹைல்!" என்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

கத்தி விழுந்து கல்லில் உருண்டது. திரும்பி என்னைப் பார்த்த முகத்தை உனக்கு எப்படி எழுதிக் காட்டுவேன்! நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவன் பிடிக்கவில்லை. பிடிக்கும்வரை நான் கையை மடக்கவில்லை.

அவன் தன் பாஷையில் கெஞ்சியது எனக்குத் தமிழாகத்தான் கேட்டது. "வெளியில சொல்லாதை. பிழையாச் சுட்டிட்டன்."

"பிழையாச் சுடுறது ஆருக்கும் வரும். அதைக் காவலரிட்டை நீங்களே போய்ச் சொன்னால் ஒரு பேச்சோட முடியும். மடியில கத்தி வைச்சதுதான் முடியாது. அதை நான் கண்டனான்."

"என்ன வேணும் உனக்கு?"

"அண்டைக்குக் குட்டி இருந்ததோ?"

அவன் மலையைப் பார்த்தான். கையைப் பார்த்தான். நான் அவசரப்படவில்லை, எனக்கு அன்றைக்கு முழுநாளும் இருந்தது.

"நான் குட்டியைக் காணேல்லை" என்றான் கடைசியில். "என்ரை பக்கம் பனி மூடியிருந்தது. ஒண்டும் தெரியேல்லை. அந்த இடத்தில அவன் நிண்டதை என்னால பொறுக்க முடியேல்லை. அதுதான்."

அதுதான். ஒரு வேலிக்காக. துவக்கை எடுத்து அவனைச் சுட வேண்டும் என்று வந்தது, ஒளிப்பானேன்? பக்கத்தில் நின்ற செடியில் ஒரு கொப்பை ஒடித்தேன். அவன் அந்த மறிக்கு வாய்க்கரிசிகூடப் போட்டிருக்கவில்லை. நான் போட்டேன்.

பிறகு பேச்சை முடித்தேன். கத்தியைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். பதிலுக்கு இன்றைய தாயையும் அன்றைய பொய்யையும் காவலர் முன்னால் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். மறியை அவனால் தூக்க முடியவில்லை. குடலை மட்டும் எடுத்து, மடியோடு முழுதாய் உன் பைக்குள் வைத்து நான் தூக்கினேன். பாரத்தில் இடுப்பு நாரி முறிந்தது. ஆனாலும் அவனை முன்னால் விட்டு ஆறுதலாகத்தான் இறங்கினேன். பின்னேரம்தான் எல்லோரும் ஆடு காட்ட வருவார்கள். ஆட்கள் நிறைந்தபின் போய்ச் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டு நடந்தேன்.

காவலருக்கு முன்னால் அவன் முதலில் முணுமுணுத்தான். "கேட்கேல்லை" என்றேன். திரும்பச் சொன்னான், எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். இன்று தான் சுட்டது தாய். அன்றைக்கு அந்தத் தமிழன் சுட்ட மறியோடு குட்டி எதையும் தான் காணவில்லை. சும்மா சொன்னது. காவலர் பேனையை வைத்துவிட்டு எழும்பி வந்து, தொப்பியைக் கழற்றி, "உங்கள் அண்ணாவுக்கு" என்று சொல்லி எனக்குக் கை தந்தார். வைட்மன்ஸ்ஹைல் என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். உன் கையில் வந்து சேர வேண்டியவை. நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான்: "இப்போது போதுமா?"

போதாது. அதற்குப் பிறகு திரும்ப ஏறி, குட்டி வருகிறதா என்று பார்த்திருந்துதான் இந்த மறியைச் சுட்டேன். இதோ இந்தப் பங்கு மிச்சம் இருக்கிறது. இதைக் கட்டிக்கொண்டு போகிறேன். வந்து எழுதுகிறேன்.

போய்விட்டு வந்தேன், அண்ணா. கதவை அவனே திறந்தான். வீட்டுச் செருப்போடு நின்றான், கண்ணாடி மூக்கு நுனியில். நான் பார்சலை நீட்டினேன். நான் சுட்ட ஆடு, குட்டியில்லாத மறி, காவலருக்கு மடியோடு காட்டியது என்றேன். இது ஏன் என்று கேட்டான். சமாதானத்துக்கு வந்தேன் என்று நினைத்திருக்க வேண்டும், முகத்தில் ஒரு வெளிச்சம் வரப் பார்த்தது.

"அண்டைக்கு என்ரை அண்ணா பங்கு போடேக்கை உங்களுக்கும் ஒண்டு வைச்சவர்" என்றேன். "நல்ல ஈரல் துண்டாப் பாத்து வைச்சவர். பக்கத்துக் காணிக்காரராம். நீங்கள் வாய் திறக்கேக்கை அது எங்கட பையுக்கைதான் இருந்தது."

பாதி தமிழ், பாதி அவனுடைய பாஷை. அவனுக்கு விளங்கும்வரை திரும்பச் சொன்னேன். விளங்கியது. வெளிச்சம் போனது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். பார்சலை வாங்கினான், பொலித்தீன் சரசரத்துக்கொண்டே இருந்தது. நான் நின்று அதைப் பார்த்தேன். பிறகு திரும்பி நடந்தேன்.

இறைச்சி உள்ளே போனால் வேலி இறங்கும் என்று நீ சொன்னாய். அவனுடைய வேலி இறங்கியிருக்கலாம். என்னுடையதை நான் இறக்கவில்லை. நீ மன்னித்திருப்பாய், எனக்குத் தெரியும், அதனால்தான் நான் மன்னிக்காமல் இருக்கிறேன். எங்கள் இரண்டு பேரில் ஒருவராவது அந்தக் கோபத்தை வைத்திருக்க வேண்டாமா?

பையைத் திரும்பக் கதவுக்குப் பின்னால் கொழுவிவிட்டேன். வருகிற செப்டெம்பரில் அதே கல்லில் போய் இருப்பேன். அவன் வந்தால் இடம் விட்டு இருப்பேன், ஒரு ஆள் இருக்கிற அளவுக்கு. கை நீட்டுவேன். அவன் அதைப் பிடித்தே ஆக வேண்டும்.

குட்டி இருக்கவில்லை, அண்ணா. வடிவாத் தெரியும்.